பிழையான பெறுமானத்தையும் எழுத விடுங்கள்

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு உயிர் இரசாயனவியல் ஆய்வுகூடத்தைப் பற்றி எழுத என்ன உரிமை இருக்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்களிடம் வெள்ளைக் கோட் இல்லை. ஆனால் கம்பஸுக்குப் பக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டில் பாதிப்பேர் விஞ்ஞானபீடம். அவையள் பிரக்டிகல் றிப்போர்ட் எழுதுகிற மேசையும் நாங்கள் ஒப்படை எழுதுகிற மேசையும் ஒன்றுதான். சாப்பிடுகிறதும் அதிலதான். இரண்டு வருசமாக அந்த மேசையில் இருந்து பார்த்ததையும், புதுசா வந்த பட்ச்சோட கதைச்சதையும் வைச்சுத்தான் இதை எழுதுகிறோம். கீழே வருகிற லாப் விசயங்களை எங்களுக்கு விளங்கப்படுத்தி, எழுதின பிறகு வாசிச்சுத் திருத்தினதும் அந்த நண்பர்கள்தான்.

எங்கட கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உயிர் இரசாயனவியல் பிரக்டிகல் தொடங்குகிற முதல் சில வாரங்களில் ஒரு மாணவர் பழக வேண்டியது, கருவியைக் கையாளவும், கண்டதைக் கண்டபடி எழுதவும், விளங்காததை வாய்திறந்து கேட்கவும்தான். ஆனால் கனபேர் முதலில் பழகுவது வேறொன்றை. ‘வரவேண்டிய’ எண்ணைக் கண்டுபிடிச்சு, அதுதான் தனக்கும் வந்தது என்று எழுதுகிறதை. இது மாணவரின் குணக்கேடு இல்லை. பாடம் தொடங்குகிற விதமே அவர்களை அங்கே கொண்டுபோய் விடுகிறது என்பது எங்கட வாதம்.

பன்னிரண்டு நிமிடமும் நாலரை நிமிடமும்

தொடக்கத்தில் கனபேர் செய்கிற ஒரு பரிசோதனை உமிழ்நீர் அமிலேசு. வாயை நல்லாக் கொப்பளிச்சுவிட்டு உமிழ்நீரைச் சேர்க்க வேண்டும். அதை ஐதாக்கி, மாப்பொருள் கரைசலோடு கலந்து, 37 பாகை நீர்த்தொட்டியில் வைக்க வேண்டும். அரை நிமிடத்துக்கு ஒருதரம் அதில் ஒரு துளி எடுத்து, வெள்ளை ஓட்டில் இருக்கிற அயடீனில் விட வேண்டும். மாப்பொருள் இருக்கும்வரை கருநீலம் வரும். நொதியம் மாப்பொருளை உடைக்க உடைக்க நிறம் ஊதாவாகி, கபிலமாகி, கடைசியில் அயடீனின் சொந்த மஞ்சள் மட்டும் மிஞ்சும். அதுக்கு எத்தனை நிமிடம் எடுத்தது என்பதுதான் குறிக்க வேண்டிய எண்.

எங்கட வீட்டுத் தோழி ஒருத்தியின் குழாயில் பன்னிரண்டு நிமிடமாகியும் நீலம் போகவில்லை. பக்கத்துக் குழுக்களுக்கு நாலரை, ஐந்து நிமிடத்தில் முடிஞ்சுது. “நாலரை எண்டே போடடி, எல்லாருக்கும் அதுதான் வந்தது” என்றாள் பக்கத்தில் நின்றவள். இவளும் அப்பிடியே போட்டாள். றிப்போர்ட்டுக்கு நல்ல புள்ளி வந்தது.

அன்றைக்கு அந்த மேசையில் நடந்திருக்கக்கூடிய விசயங்களைப் பாருங்கள். ஐதாக்கும்போது தண்ணீர் கூடியிருக்கலாம். நீர்த்தொட்டி 37 பாகைக்கு வராமல் இருந்திருக்கலாம். அல்லது அவளுடைய உமிழ்நீரில் உண்மையாகவே அமிலேசு குறைவாக இருக்கலாம். இந்தக் கடைசிச் சாத்தியம் பகிடி இல்லை. உமிழ்நீர் அமிலேசை உருவாக்குகிற மரபணுவின் பிரதிகள் எல்லாரிடமும் ஒரே எண்ணிக்கையில் இல்லை. ஒருவரிடம் சில, இன்னொருவரிடம் பத்துக்கு மேல் என்று வேறுபடும். மாப்பொருளைக் கூடுதலாக உண்டு வந்த சமூகங்களில் சராசரியாக இந்தப் பிரதிகள் கூட என்றும், பிரதி கூடினால் உமிழ்நீரில் அமிலேசும் கூடும் என்றும் ஜோர்ஜ் பெரி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2007இல் ‘நேச்சர் ஜெனற்றிக்ஸ்’ இதழில் எழுதினார்கள். அதாவது ஒரு வகுப்பில் முப்பது பேர் இருந்தால் முப்பது நேரம் வருவதுதான் இயல்பு. எல்லாருக்கும் நாலரை நிமிடம் வந்தால் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மூன்று காரணங்களில் எது என்று தேடுவதுதான் அன்றைய பாடமாக இருந்திருக்க வேண்டும். நாலரை என்று எழுதின உடனே தேடுவதற்கு ஒன்றுமில்லாமல் போச்சு.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருது

அவளில் பிழை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. உயர்தரத்தில் இரசாயனவியலின் பெறுபேற்றைத் தீர்மானிப்பது இரண்டு வினாத்தாள்கள். செய்முறையைப் பற்றிய கேள்வியும் அந்தத் தாளில்தான் வரும், விடையும் அந்தத் தாளில்தான். நியமிப்பை ரியூசன் கொட்டிலில் கரும்பலகையில் பார்த்து, நிறம் எப்ப மாறும் என்று பாடமாக்கி, அளவி வாசிப்பைக் கணக்காகச் செய்து ‘ஏ’ எடுக்கலாம். எடுத்தவர்களை எங்களுக்குத் தெரியும். சில பாடசாலைகளில் நல்ல ஆய்வுகூடமும் நல்ல ஆசிரியரும் இருக்கு. வேறு சிலதில் ஆய்வுகூடம் என்பது பூட்டின ஒரு அலுமாரி. இரண்டு இடத்துப் பிள்ளைகளும் கம்பஸில் ஒரே மேசைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு அதுவரை பரிசோதனை என்றால் விடை ஏற்கெனவே தெரிஞ்ச ஒரு கேள்வி. இசற் புள்ளிக்கு ஓடி வந்த பிள்ளையிடம் ‘உனக்கு வந்ததை எழுது’ என்று சும்மா சொன்னால் நம்புமா? அதை நம்ப வைக்கிற பொறுப்பு முதல் சில வாரங்களுக்கு இருக்கு.

முதலில் கை பழகட்டும்

உயிர் இரசாயனவியலில் அளவுகள் சின்னன். மில்லிலீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோலீற்றரில்தான் வேலை. அதுக்கான மைக்ரோ பிப்பெற்றை 1957இல் ஜேர்மனியின் மார்பேர்க்கில் வேலை செய்த ஹைன்றிச் ஷ்னிற்கர் உருவாக்கினார். அதுவரை கண்ணாடிக் குழாயை வாயில் வைச்சு உறிஞ்சித்தான் கனபேர் அளந்தார்கள். அமிலத்தையும் அப்படித்தான், நோயாளியின் இரத்தத்தையும் அப்படித்தான்.

இந்தக் கருவியில் புதுசா வருகிறவருக்கு இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, அதன் பொத்தான் இரண்டு கட்டமாகக் கீழே இறங்கும். முதல் தடுப்புவரை அழுத்தி, ரிப்பைக் கரைசலுக்குள் வைச்சு, மெதுவாக விட்டு எடுக்க வேண்டும். வெளியே விடும்போதுதான் இரண்டாவது தடுப்புவரை அழுத்த வேண்டும். இரண்டாவது தடுப்புவரை அழுத்தி எடுத்தால் அளவு கூடிப்போகும். வெளியில் பார்த்தால் பிழை தெரியாது.

மற்றது இலக்கம். மூன்று இலக்கச் சாளரம் உள்ள வகைகளில் 1, 0, 0 என்று தெரிந்தால் அது எவ்வளவு? 20 மைக்ரோலீற்றர் பிப்பெற்றில் அது 10 மைக்ரோலீற்றர். 200 மைக்ரோலீற்றர் பிப்பெற்றில் 100. 1000 மைக்ரோலீற்றர் பிப்பெற்றில் 1000. ஒரே இலக்கம், நூறு மடங்கு வித்தியாசம். இதை யாராவது ஒருதரம் கையில் தந்து சொன்னால் இரண்டு நிமிட வேலை. சொல்லாவிட்டால் ஒரு செமஸ்டர் முழுக்க ‘எனக்கு மட்டும் ஏன் வருகுதில்லை’ என்ற கவலை. அந்தக் கவலையோடு றிப்போர்ட் எழுதுகிறவர் கடைசியில் பக்கத்து மேசையைத்தான் பார்ப்பார்.

கையைப் பழக்க விலைகூடின இரசாயனம் ஒன்றும் தேவையில்லை. தண்ணீரும் தராசும் போதும். 100 மைக்ரோலீற்றர் தண்ணீர் கிட்டத்தட்ட 0.1 கிராம் நிறுக்கும். பத்துத்தரம் எடுத்து, பத்துத்தரம் நிறுத்து, பத்து எண்ணையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். பத்தும் ஒன்றாக இருக்காது. எவ்வளவு சிதறுது என்பது உங்கள் கையின் அளவு. பத்தும் ஒரே பக்கமாகக் கூடினாலோ குறைஞ்சாலோ அது கருவியாகவும் இருக்கலாம், எடுக்கிற முறையாகவும் இருக்கலாம். இன்னொருவர் அதே பிப்பெற்றால் எடுத்துப் பார்த்தால் எது என்று பிடிபடும். இந்த ஒரு பின்னேரத்தில் பிழை என்பது வெட்கப்பட வேண்டிய விசயம் இல்லை, அளக்கக்கூடிய விசயம் என்று விளங்கிவிடும். நாங்கள் கேட்டுப் பார்த்தவர்களில் கனபேருக்கு இப்படி ஒரு பின்னேரம் கிடைக்கவே இல்லை.

குழாயியும் பிப்பெற்றும்

கேள்வி கேட்க வாய் வராததற்கு மொழியும் ஒரு காரணம். உயர்தரம்வரை எங்கட பிள்ளைகளுக்கு அது குழாயி, அளவி, நியமிப்பு, ஐதாக்கல், காட்டி, தாங்கற் கரைசல். கம்பஸில் ஒரே நாளில் எல்லாத்துக்கும் பெயர் மாறுது. பொருள் தெரியும், பெயர் தெரியாது. மற்றப் பக்கத்தில், பெயரைக் கேட்டவுடன் தலையாட்டுகிறவர்கள் எல்லாருக்கும் பொருள் தெரியும் என்றும் இல்லை. சிங்கள மொழிமூலம் படிச்சு வருகிற மாணவர்களும் இதே பள்ளத்தைத் தாண்டித்தான் வருகிறார்கள். கலைப்பீடத்தில் எங்களுக்கு விரிவுரையைத் தமிழில் கேட்டு, தமிழிலேயே மறுத்துக் கதைக்க முடியும். அது எவ்வளவு பெரிய வசதி என்று எங்கட வீட்டு மேசையில்தான் எங்களுக்கு விளங்கினது.

நாங்கள் கேள்விப்பட்டதில் மிகவும் கவலையானது இதுதான்: டெமோ அக்கா தமிழ், கேட்க நினைக்கிற பிள்ளையும் தமிழ். ஆனால் லாப்புக்குள் ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும் என்று பிள்ளை நினைக்குது. வசனத்தை மனதுக்குள் ஒழுங்குபடுத்தி முடிக்கிறதுக்குள் டெமோ அடுத்த மேசைக்குப் போயிடுவா. கேள்வி அப்படியே நின்றுபோகும்.

இந்த மண்ணில் விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பிப்பது புதுக் கதை இல்லை. அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். மானிப்பாயில் இருந்து மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். இரசாயனவியலுக்காக ‘கெமிஸ்தம்’ என்ற நூல் 1875இல் தமிழில் வந்தது. தலைப்பைப் பாருங்கள்: ஆங்கிலச் சொல்லை எடுத்து, தமிழ் வாய்க்கு ஏற்றமாதிரி வளைச்சிருக்கிறார்கள். தூய சொல்லா, பிறமொழிச் சொல்லா என்ற சண்டையைவிட, படிக்கிறவருக்கு விளங்க வேண்டும் என்பதுதான் அங்கே முக்கியமாக இருந்திருக்கு. இன்றைய லாப்புக்கும் அந்த மனநிலை போதும். ‘பிப்பெற்றில ரிப் இறுகேல்லை, காத்து இழுக்குது’ என்று ஒரு பிள்ளை சொன்னால், அது முழுமையான விஞ்ஞான அவதானம்.

பிழைக்குள் இருக்கிற காரணம்

அடுத்து அநேகமாக வருகிறது புரதத்தின் செறிவை அளக்கிற பிறாட்போர்ட் முறை. மரியன் பிறாட்போர்ட் 1976இல் வெளியிட்டது. கூமசி நீலம் என்ற சாயம் அமிலத்தில் செங்கபிலமாக இருக்கும். புரதத்தோடு சேர்ந்தால் நீலமாகும். நீலத்தின் அளவை 595 நனோமீற்றர் அலைநீளத்தில் கருவி வாசிக்கும். செறிவு தெரிஞ்ச புரதக் கரைசல்களை முதலில் வாசிச்சு ஒரு நியம வரைபு கீறிவிட்டு, தெரியாத மாதிரியின் வாசிப்பை அதில் வைச்சுச் செறிவைக் கண்டுபிடிப்பார்கள்.

எங்களை மாதிரி ஆட்களுக்கு அந்தச் சாயத்தின் பெயரிலேயே ஒரு பாடம் இருக்கு. கூமசி என்பது இன்றைய கானாவின் குமாசி நகரம், அசாந்தி அரசின் தலைநகர். 1896இல் பிரித்தானியப் படை அதைப் பிடிச்ச காலத்தில், இங்கிலாந்தின் சாயக் கொம்பனி ஒன்று தன்னுடைய கம்பளிச் சாயங்களுக்கு அந்தப் பெயரை வைச்சுது. ஒரு நகரத்தின் தோல்வி வியாபாரப் பெயராகி, இன்று உலகம் முழுக்க லாப்புகளில் போத்தலில் ஒட்டியிருக்கு. இதைப் பிரக்டிகல் கையேட்டில் ஒரு வரி சேர்த்தால் புரதம் ஒன்றும் கெட்டுப்போகாது.

சரி, லாப்புக்கு வருவோம். ஐந்து குழு ஒரே முட்டை வெள்ளைக்கருவை அளந்து ஐந்து விடை எடுத்தால், அதில் ஒன்றைச் ‘சரி’ என்றும் நாலைப் ‘பிழை’ என்றும் பிரிக்கிறதுதான் இப்போது நடக்குது. ஆனால் இந்த முறையில் விடை விலகுவதற்கு நல்ல காரணங்கள் இருக்கு. குழாயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி நல்லா அலசாவிட்டால், மிஞ்சின சவர்க்காரமே சாயத்தோடு விளையாடும். சாயம் கண்ணாடியிலும் ஒட்டும். கலந்த பிறகு கனநேரம் வைச்சிருந்து வாசிச்சால் வாசிப்பு மாறும். புரதம் கூடக் கூட வரைபு நேர்கோட்டை விட்டு வளையும். அந்த வளைவுக்குள் விழுந்த வாசிப்பை நேர்கோடாக நினைச்சுக் கணக்குப் போட்டால் செறிவு குறைஞ்சு வரும். எல்லாத்தையும்விட, சாயம் எல்லாப் புரதத்தோடும் ஒரேயளவாக ஒட்டாது. நியமமாக வழக்கத்தில் எடுக்கிற மாட்டு அல்புமின் கூடுதலாக நிறம் தரும். அதனால் வேறு புரதத்தை அதோடு ஒப்பிட்டால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டலாம்.

இவ்வளவும் தெரிந்துகொள்ள வழி ஒன்றுதான்: விலகின எண் கொப்பியில் இருக்க வேண்டும். சமன்பாட்டைத் திருப்பிப் போட்டு, வரவேண்டிய செறிவில் இருந்து பின்னுக்கு வந்து உறிஞ்சலைக் கணக்கிட்டு எழுதுகிறவருக்குக் கணிதம் நல்லா வரும். லாப்பில் பழக வேண்டியது பழகாது.

இந்தத் துறையே ஒரு எதிர்பாராத அவதானத்தில் இருந்துதான் பெரிசாக வளர்ந்தது. எடுவார்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு அரைச்சு, பிழிந்து சாறு எடுத்தார். சாறு பழுதாகாமல் இருக்க, நாங்கள் பழப்பாகுக்குப் போடுகிற மாதிரி, சீனி சேர்த்தார்கள். சாறு நுரைக்கத் தொடங்கிச்சு. உயிருள்ள கலம் இல்லாமல் நொதித்தல் நடக்காது என்று பெரிய ஆட்கள் நம்பின காலம் அது. வரக்கூடாத குமிழி என்று அதை ஊற்றிவிட்டிருக்கலாம். அவர் 1897இல் அதை வெளியிட்டார். 1907இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைச்சுது. புக்னர் எங்கட பட்ச்சில் இருந்திருந்தால் ‘குமிழி வராது, வெட்டிப்போட்டு எழுது’ என்று யாராவது சொல்லியிருப்பார்களோ என்று யோசிச்சுச் சிரிச்சிருக்கிறோம்.

இது வெறும் புள்ளிக் கதை இல்லை

இந்த மாணவர்கள் நாளைக்கு எங்கே போகப்போகிறார்கள்? ஆஸ்பத்திரி ஆய்வுகூடம், உணவுப் பரிசோதனை, தண்ணீர்ப் பரிசோதனை, ஆராய்ச்சி, அல்லது பாடசாலை ஆசிரியர் வேலை. இரத்தத்தில் கிறியற்றினின் அளவைப் பார்த்துத்தான் சிறுநீரகம் எப்படி இருக்கு என்று வைத்தியர் கணிக்கிறார். அதை அளக்க மக்ஸ் யாபே 1886இல் கண்ட நிறத்தாக்கத்தின் திருத்திய வடிவங்களை இன்றும் பல ஆய்வுகூடங்கள் பாவிக்குது. வெற்றுக் கரைசல், நியமக் கரைசல், மாதிரி, நிறம், வாசிப்பு. முதலாம் வருசத்தில் செய்கிற அதே வேலைதான். ராஜரட்டையிலும் வவுனியாவின் சில பகுதிகளிலும் ‘காரணம் அறியப்படாத’ என்ற பெயரிலேயே ஒரு சிறுநீரக நோய் கமக்காரக் குடும்பங்களைத் தின்னுது. அந்த ஊர்களில் ஒரு எண் கூடினதும் குறைஞ்சதும் ஒரு வீட்டின் கதை. அங்கே ‘இந்த வாசிப்பு விசித்திரமா இருக்கு, திரும்பச் செய்து பார்ப்போம்’ என்று சொல்லுகிற ஆள் தேவை. ‘வழமையா இதுதான் வரும்’ என்று நிரப்புகிற ஆள் ஆபத்து.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் என்ற பிரச்சினை வந்தபோது சனம் கேட்டதும் இதைத்தான்: எந்த அறிக்கையை நம்புகிறது? அறிக்கையை நம்புவது என்றால் கடைசியில் ஒருவருடைய கொப்பியை நம்புவது.

எங்கட பீடத்துக்கும் இது தெரியாத விசயம் இல்லை. களத்துக்குப் போய் ஒரு அம்மாவின் கதையைக் கேட்டுவிட்டு, எங்கட கோட்பாட்டுக்குப் பொருந்துகிற மாதிரி அவ சொன்னதை மாற்றி எழுதினால் அந்த ஆய்வைக் கிழிச்சுப்போட வேண்டியதுதான். லாப் கொப்பியும் களக்குறிப்புத்தான்.

‘இதெல்லாம் நடக்கிற காரியமா?’

இதைச் சொன்னபோது எங்களுக்கு வந்த மறுப்புகள் மூன்று. முதலாவது, நேரமும் ஆட்களும் போதாது என்பது. உண்மைதான். ஒரு டெமோவுக்கு எத்தனை மேசை என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் பத்துப் பரிசோதனையை அரைகுறையாக முடிக்கிறதை எட்டாகக் குறைச்சு, மிஞ்சின இரண்டு நாளைக் கருவி பழகவும் பிழை தேடவும் கொடுத்தால் நட்டம் யாருக்கு?

இரண்டாவது, இரசாயனங்களின் விலை. 2022 நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிச் சாமான்களின் விலை எல்லாருக்கும் தெரியும். திரும்பச் செய்ய அனுமதிச்சால் சாயமும் நொதியமும் முடிஞ்சுபோகும் என்கிறார்கள். அதனால்தான் தண்ணீரையும் தராசையும் முதலில் சொன்னோம். கை பழகின பிறகு சாயத்தைத் தொட்டால் வீணாவதும் குறையும்.

மூன்றாவது, ஆங்கிலம் வேண்டாமா என்ற கேள்வி. வேண்டும். ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில்தான் வருகுது. இறுதி றிப்போர்ட் ஆங்கிலத்தில் இருக்கட்டும். நாங்கள் கேட்பது, மேசையில் நடக்கிற பேச்சும் கையில் இருக்கிற கொப்பியின் முதல் குறிப்பும் வாய்க்கு வருகிற மொழியில் இருக்கட்டும் என்றுதான். விளங்கின விசயத்தை ஆங்கிலத்தில் எழுதப் பழகலாம். விளங்காததை எந்த மொழியில் எழுதினாலும் அது கொப்பி அடிச்சதுதான்.

விரிவுரையாளர்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். முதல் மூன்று கிழமைக்கு விடைக்குப் புள்ளி போடாதீர்கள், கொப்பிக்குப் போடுங்கள். விலகின பெறுமானத்தை எழுதி, அதுக்கு இரண்டு காரணம் ஊகிச்சு, ஒன்றையாவது சோதிச்ச பிள்ளைக்கு, ‘சரியான’ எண்ணை எழுதின பிள்ளையைவிடக் கூடப் போடுங்கள். வகுப்பின் எல்லா வாசிப்புகளையும் பெயர் இல்லாமல் பலகையில் எழுதி, ஏன் இவ்வளவு சிதறியிருக்கு என்று கடைசிப் பத்து நிமிடம் கதையுங்கள். கேள்வி தமிழிலும் சிங்களத்திலும் வரலாம் என்று முதல் நாளே உங்கள் வாயால் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் பிள்ளைகள் நம்புவார்கள்.

புதுசா லாப்புக்குள் போகிற தம்பி தங்கச்சிமாருக்கு எங்கட விஞ்ஞானபீட நண்பர்கள் சொல்லச் சொன்னவை: கொப்பியைப் பேனையால் எழுதுங்கள், பென்சிலால் வேண்டாம். பிழைச்சால் ஒரு கோடு மட்டும் கீறுங்கள், கீழே இருக்கிற எண் வாசிக்கக்கூடிய மாதிரி இருக்கட்டும். துண்டுக் கடதாசியில் எழுதி இரவில் பெயர்க்கிற வேலை வேண்டாம், துண்டு துலையும். எந்தப் பிப்பெற், எந்தக் கருவி, அறை வெப்பநிலை எவ்வளவு என்று குறியுங்கள். எங்கட ஊர் வெக்கையில் அது சும்மா விசயம் இல்லை. ரிறிஸ் தாங்கற் கரைசலின் பிஎச் ஒரு பாகை கூடினால் கிட்டத்தட்ட 0.03 குறையும். வெற்றுக் கரைசலின் வாசிப்பையும் எழுதுங்கள். போக முதல் நாள் இரவு செய்முறையை வாசிச்சு, என்ன நடக்கும் என்று நீங்கள் நினைக்கிறதை ஒரு வசனத்தில் எழுதி வையுங்கள். அது பிழைச்சால் நல்லது, யோசிக்க ஒரு விசயம் கிடைச்சுது.

சீனியர்மாரிடமும் ஒன்று கேட்க வேண்டும். இதுக்கு நிர்வாகத்தின் அனுமதி, காசு, சுற்றறிக்கை ஒன்றும் தேவையில்லை. ஒவ்வொரு வருசமும் நீங்கள் அன்போடு அடுத்த பட்ச்சுக்குக் கையளிக்கிற பழைய றிப்போர்ட்டுகள்தான் ‘வரவேண்டிய எண்’ணின் ஊற்று. நாலரை நிமிடம் அதில் இருந்துதான் வருது. அதை நிற்பாட்டச் சொல்லவில்லை. பரீட்சைக்கு முன்னம் குப்பி வைச்சு விடிய விடியப் படிப்பிக்கிற உங்கட மனசு எங்களுக்குத் தெரியும். அதே மாதிரி லாப் தொடங்க முதல் ஒரு குப்பி வையுங்கள். உங்களுக்கு வராமல்போன பரிசோதனைகளையும், அது ஏன் வரவில்லை என்று பிறகு விளங்கினதையும் சொல்லுங்கள். நல்ல புள்ளி எடுத்த றிப்போர்ட்டைக் கொடுக்கிறீர்கள் என்றால், அதோடு வெட்டுக்கோடு நிறைஞ்ச அந்தக் கொப்பியையும் சேர்த்துக் கொடுங்கள்.